வில்பர் ரைட்டின் பட்டம்

வடகவுஞ்சி மலைச்சரிவின்மேல் வட்டமிடும் பருந்து, சிறகின் நுனிகளைச் சற்றே முறுக்கித் தன்னை நிலைநிறுத்துவதைக் காணலாம். அமெரிக்காவில் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட்டும் (1867–1912) பறவைகளிடம் இதனைக் கண்டார்.

ஜெர்மானியரான லிலியந்தால், உடலை அசைத்தே சறுக்கு விமானத்தைச் செலுத்தி வந்தவர். 1896-இல் வீழ்ந்து மாண்டார். எனவே, பொறியினும் கட்டுப்பாடே முதன்மை என வில்பர் தெளிந்தார். ஒருநாள் கையிலிருந்த நீண்ட அட்டைப்பெட்டியைத் திருகினார். முனைகள் எதிரெதிராகச் சாய்ந்தன. வழி புலப்பட்டது.

1899-இல் ஐந்தடி அகலமுள்ள ஈரடுக்குப் பட்டம் ஒன்றைச் செய்தார். வளர்ந்தவர்க்குப் பட்டம் எதற்கு என்பாரும் உண்டு. அவருக்கோ அதுவே ஆய்வுக்கூடம். இக்கால மாதிரி விமானத்தில் வானொலி அலை செய்யும் பணியை அன்று நான்கு கயிறுகள் செய்தன. கயிறுகள் கட்டிய இரு கோல்களைக் கையில் பற்றி, தரையில் நின்றே இறக்கைகளை முறுக்கினார். பட்டம் அவர் விரும்பிய பக்கம் சாய்ந்தது. ஒருமுறை அது விரைந்து கீழே பாய, கயிறுகள் தளர்ந்தன. வேடிக்கை பார்த்த சிறுவர் தரையில் குப்புற விழுந்து தப்பினர்!

1902-இல் சறுக்கு விமானத்தின் அசையாத வால் தொல்லை தந்தது. சாய்ந்த இறக்கை சுழன்று மணலில் குத்தியது. வாலை அசையும் சுக்கானாக்கலாம் என்றார் தம்பி ஆர்வில். வில்பர் அதனை இறக்கைக் கயிற்றோடு பிணைத்தார். 1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் ஊருக்கு அருகே பொறி பூட்டிய விமானத்தில் வில்பர் 59 விநாடியில் 852 அடி பறந்தார்.