ஃபகீரா: காவல் ஏட்டுக்கு எதிரான சாட்சியம்

அண்ணா பாவு சாத்தே 1920இல் மகாராட்டிரத்தின் வாட்டேகாவ் சிற்றூரில், மாங் சாதியில் பிறந்தார். பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. பிழைப்புத் தேடிக் குடும்பத்துடன் நடந்தே மும்பை சேர்ந்தார், ஆலைத் தொழிலாளியானார், பொதுவுடைமை இயக்கத்தின் கலைஞரானார்.

1959இல் வெளிவந்த அவரது ‘ஃபகீரா’ நாவல் தனித்து நோக்கத்தக்கது. ஆங்கிலேயர் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் மாங் மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து, நாள்தோறும் வருகைப் பதிவுக்கு நிறுத்தியது. பஞ்சத்தில் மடியும் தம்மவருக்காகத் தானியத்தைக் கொள்ளையிட்ட ஃபகீரா, அரசின் பார்வையில் கொள்ளையன். சேரியின் வாய்மொழி நினைவில் காவலன். சாத்தே அந்த நினைவையே ஆவணமாக ஏற்றார். பண்பாட்டையும் அவர் அலங்காரமாக ஒட்டவைக்கவில்லை. திருவிழாவுக்குரிய ஜோகணியைத் தம் ஊருக்குக் கொண்டுவரும் முயற்சியில் ஃபகீராவின் தந்தை ராணோஜி உயிரிழக்கிறார். அந்தச் சடங்கிலிருந்துதான் கதையே புறப்படுகிறது. நூலை அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். அன்றைய பொதுவுடைமையாளர் ஒருவருக்கு இது எளிய செயலன்று.

1961இல் மாநில அரசின் விருது கிடைத்தது. 1969இல், ஐம்பது வயது நிறைவதற்குள், சாத்தே மறைந்தார். குற்றப்பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டிருந்தது. ஆனால், ‘ஃபகீரா’ அச்சேறிய அதே 1959இல் பம்பாய் மாநிலம் வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தை இயற்றியது. காவல் நிலையப் பதிவேடு வேறு பெயரில் தொடர்ந்தது.