கென்னடியைச் சந்தித்த ராஜாஜி

மூன்று கோட்டைகளை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், அச்சு முறிந்து நின்ற இடம் அச்சரப்பாக்கம் என்பது தல வரலாறு. 1962-ம் ஆண்டில் உலகத்தையே எரிக்கும் தேர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும்படி கேட்க, 83 வயதில் ஒரு தமிழர் கடல் கடந்து போனார். அவர்தான் ராஜாஜி.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு பிறந்தவர். சேலத்தில் வக்கீல். பிறகு சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி, இந்தியாவின் கவர்னர்-ஜெனரல். பதவி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த வயதில் அவரை வாட்டிய கவலை அணுகுண்டு.

பாலில் விஷம்

அமெரிக்காவும் ரஷியாவும் போட்டி போட்டுக்கொண்டு குண்டுகளை வானில் வெடித்துச் சோதித்தன. 1958-ல் நிறுத்தின. 1961 செப்டம்பரில் ரஷியா மறுபடியும் தொடங்கியது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் வானில் வெடித்தது.

வெடித்த இடத்தோடு ஆபத்து போகுமா? போகாது. நச்சுத்தூசி காற்றில் ஏறும், மழையோடு இறங்கும். புல்லில் படியும். அந்தப் புல்லை மாடு தின்னும், பாலைக் குழந்தை குடிக்கும். விஷம் எலும்பில் தங்கிவிடும். சண்டை யாருக்கோ, பால் நம் வீட்டில்!

நண்பனிடமே கேட்டார்

ராஜாஜி கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர். அப்படிப்பட்டவர் ரஷியாவை அல்லவா குறை கூறவேண்டும்? அவரோ, அமெரிக்கா முதலில் நிறுத்தட்டும் என்றார். எதிரி நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன் என்று இருவரும் காத்திருந்தால் விடிவே வராது, ஒருவர் துணிய வேண்டும் என்பது அவர் வாதம். 1954-லேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு இதை எழுதியவர் அவர்.

காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் திவாகர், சிவராவ் ஆகியோருடன் 1962 செப்டம்பரில் வாஷிங்டன் சென்றார். ஜனாதிபதி கென்னடிக்கு வயது 45. மகன் வயது என்றே சொல்லலாம்! ஒதுக்கிய நேரம் தாண்டியும் கென்னடி அவரை விடவில்லை. பொறுமையாகக் கேட்டார். ஆனால் வாக்குறுதி எதுவும் தரவில்லை.

அடுத்த மாதமே கியூபாவில் ரஷிய ஏவுகணைகள் இருப்பது தெரிந்தது. 13 நாட்கள் உலகம் நடுங்கியது. அந்தப் பயம்தான் இரு நாடுகளையும் பேசவைத்தது. ராஜாஜியால்தான் உடன்பாடு வந்தது என்று சொன்னால் அது மிகை. 1963 ஆகஸ்டு 5-ந்தேதி மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷியா, பிரிட்டன் கையெழுத்திட்டன. வானிலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் சோதனை கூடாது. பூமிக்கடியில் மட்டும் தடை இல்லை. இந்தியாவும் சேர்ந்தது.

ராஜாஜி 1972 டிசம்பர் 25-ந்தேதி சென்னையில் காலமானார். 1974 மே 18-ந்தேதி, ராஜஸ்தானில் பொக்ரான் பாலைவனத்தில், பூமிக்கடியில், இந்தியாவும் ஒன்றை வெடித்தது.