ஊரே காப்பியடித்த இயந்திரம்



நம்ம ஹாஸ்டலில் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் சண்டை நடப்பது கம்ப்யூட்டர் கேமுக்குத்தான். விளையாடுவதில் சண்டை இல்லை. காசு கொடுத்து வாங்குவதா, லாக்கை உடைத்த காப்பியை ஏற்றிக்கொள்வதா என்பதில்தான் சண்டை. ராத்திரி பகலாக உழைத்தவன் வயிற்றில் அடிக்கலாமா என்பது ஒரு கட்சி. அப்பாவின் பல நாள் கூலியை ஒரு விளையாட்டுக்கு விலை வைத்தால் யார் வாங்குவது என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் என் நண்பர்கள் இருக்கிறார்கள். அதனால், 200 வருஷத்துக்கு முன்பே இதே வழக்கில் மாட்டிக்கொண்ட ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் நம்ம மெக்கானிக்கல் ஆள். பெயர் எலி விட்னி. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், ஆள் பெரிய ஆள்!

விட்னி 1765 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியின் வெஸ்ட்பரோ என்ற ஊரில் ஒரு விவசாயிக்குப் பிறந்தார். அப்பாவின் பட்டறைதான் அவருக்கு விளையாட்டுத் திடல். சுதந்திரப் போர் சமயத்தில் ஆணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பள்ளிப் பருவத்திலேயே ஆணி செய்து விற்றார். படிக்க ஆசை இருந்தது, பணம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்து, 23 வயதில்தான் யேல் கல்லூரியில் நுழைந்தார். 1792-ல் படிப்பை முடித்தார். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, அவர் வாழ்க்கையில் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆசிரியர் வேலை தேடித் தெற்கே போனவர், ஜார்ஜியாவில் சவானா நகரத்துக்குப் பக்கத்தில் கேத்தரின் கிரீன் என்ற அம்மையாரின் தோட்டத்தில் தங்கினார். அங்கே வந்தவர் போனவர் எல்லாம் ஒரே புலம்பல். அந்தப் பக்கத்து மண்ணில் நன்றாக விளைவது குட்டை இழைப் பருத்தி. அதன் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வராது. ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறினால் அதிகம். இரண்டு உருளைக்கு நடுவே பருத்தியைக் கொடுத்துக் கொட்டையைப் பிரிக்கும் கருவி நம்ம நாட்டில் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அந்த மாதிரிக் கருவி நீள இழைப் பருத்திக்குத்தான் சரிப்பட்டது.

விட்னி சில மாதங்களில் வழி கண்டுபிடித்தார். ஒரு மர உருளை, அதில் வரிசையாகக் கம்பிப் பற்கள். எதிரே குறுகிய சந்துகள் உள்ள தடுப்பு. உருளை சுற்றும்போது பற்கள் பஞ்சைச் சந்து வழியாக இழுத்துக்கொள்ளும். கொட்டை நுழைய முடியாமல் இந்தப் பக்கமே நின்றுவிடும். பின்னால் வேகமாகச் சுற்றும் ஒரு பிரஷ் பஞ்சைத் துடைத்து எடுத்துவிடும். கையால் சுற்றினாலே ஒரு நாளைக்கு 50 பவுண்டு வரை பஞ்சு. 1794 மார்ச் 14 அன்று அரசாங்கம் அவருக்குக் காப்புரிமை கொடுத்தது.

வினையே அதற்குப் பிறகுதான். மெஷின் அவ்வளவு சுலபமானது. ஒரு தடவை பார்த்தால் போதும், கிராமத்துக் கொல்லரும் தச்சரும் சேர்ந்து செய்துவிடலாம். விட்னியும் அவர் கூட்டாளி மில்லரும் என்ன செய்தார்கள் என்றால், மெஷினை யாருக்கும் விற்பதில்லை என்று முடிவு கட்டினார்கள். பருத்தியை எங்களிடம் கொண்டு வாருங்கள், நாங்களே பிரித்துத் தருகிறோம், கூலியாகப் பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கு எங்களுக்கு என்றார்கள். ஐந்து மூட்டைக்கு இரண்டு மூட்டை! யார் ஒத்துக்கொள்வார்கள்? போதாததற்கு 1795-ல் அவருடைய பட்டறை தீப்பிடித்து எரிந்தது. மெஷின் போதவில்லை, விளைந்த பருத்தியோ காத்திருக்காது. ஊர் ஊராகக் காப்பி மெஷின் ஓட ஆரம்பித்தது. சிலர் கம்பிப் பல்லுக்குப் பதில் ரம்பத் தகடு வைத்து, இது வேறு மெஷின் என்று வாதாடினார்கள்.

விட்னி கோர்ட்டுக்குப் போனார். 1797-ல் முதல் வழக்கு தோற்றது. அன்றைய சட்டத்தில் வாசகமே ஓட்டையாக இருந்தது. செய்வதும் பயன்படுத்துவதும் சேர்ந்தால்தான் குற்றம் என்று அதற்குப் பொருள் கொள்ள முடிந்தது. தானே செய்யாமல் பயன்படுத்த மட்டும் செய்தவன் தப்பித்துக்கொள்ளலாம். 1800-ல்தான் அதைத் திருத்தினார்கள். அப்புறம் தெற்குக் கரோலினா மாநிலம் மொத்தமாக 50,000 டாலர் தந்து தன் மக்களுக்கு உரிமையை வாங்கிக்கொள்ள முன்வந்தது. நடுவில் பணத்தை நிறுத்தி இழுத்தடித்தும் பார்த்தது. ஜார்ஜியாவில் 1807-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது, 14 வருடக் காப்புரிமையே முடிந்துபோகும் நிலை. வந்த பணத்தில் பெரும்பகுதி வக்கீலுக்கும் வழிச்செலவுக்கும் போயிற்று. 1812-ல் காலத்தை நீட்டிக்கக் கேட்டார், நாடாளுமன்றம் மறுத்துவிட்டது.

ஆனால் மனுஷன் உடைந்துபோகவில்லை. 1798-லேயே அரசாங்கத்துக்கு 10,000 துப்பாக்கி செய்து தர ஒப்பந்தம் போட்டிருந்தார். இரண்டு வருடத்தில் தருவதாகச் சொன்னது முடிய பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றிலும் பொருந்த வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்காவில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் துப்பாக்கிகளே முழுசாக அப்படிப் பொருந்தவில்லை என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது, அது வேறு விஷயம். இந்தத் தொழில்தான் அவருக்குச் சோறு போட்டது. 1825 ஜனவரி 8 அன்று, 59 வயதில் காலமானார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் கறுப்பின அடிமைகள். மெஷின் வந்ததும் கொட்டை எடுக்கும் வேலை குறைந்தது. பருத்தி விதைக்கும் நிலமோ பெருகியது. 1790-ல் ஏறக்குறைய 7 லட்சமாக இருந்த அமெரிக்க அடிமைகள் 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம் ஆனார்கள். மெஷின் யாருக்குச் சொந்தம் என்று விட்னியும் தோட்ட முதலாளிகளும் கோர்ட்டில் மல்லுக்கு நின்ற அத்தனை வருஷமும், பருத்தி பறித்தவருக்குத் தன் இரண்டு கையே சொந்தம் இல்லை. அவர்களுக்காக அந்த வழக்குகளில் ஒரு வக்கீலும் எழுந்து நிற்கவில்லை.

இப்போது நம்ம சண்டைக்கு வருவோம். கேமில் போடுகிற லாக்கும், மெஷினை விற்காமல் பூட்டி வைத்த விட்னியின் திட்டமும் ஒரே சாதி. நியாயமான விலைக்குக் கிடைக்காத பொருளை எந்தப் பூட்டும் காக்காது. அதற்காக, பூட்டை உடைத்தவன் பக்கம்தான் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். விட்னியின் மெஷினால் பணக்காரரான தோட்ட முதலாளிகளுக்குக் கொடுக்க வழி இருந்தது, மனசுதான் இல்லை. வாங்க முடியாதவனின் காப்பியும், முடிந்தும் கொடுக்காதவனின் காப்பியும் ஒரே தராசில் நிற்காது.

எனக்கு இன்றைக்கு எதையும் முழு விலை கொடுத்து வாங்க வசதி இல்லை. ஆனால் டிப்ளமோ முடித்து நாளைக்கு நானே ஒரு ஜிக் வரைவேன், ஒரு மெஷின் செய்வேன். அன்றைக்கு அதன் விலையைச் சொல்ல வேண்டியவன் நான். எங்க அப்பா மாதிரி ஒருவர் வாங்கக்கூடிய விலையாக அது இருக்க வேண்டும். செய்து கொடுத்த கைகளுக்கும் அதிலிருந்து கூலி போய்ச் சேர வேண்டும். நண்பர்களே, நீங்களும் கணக்குப் போட்டு வையுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு