தாழ்ப்பாள் செய்தவர்

வேட்டைக் கதைகளில் விருப்பமுள்ள நண்பர்கள் ஜிம் கார்பெட்டை அறிவார்கள். சம்பாவத் என்னும் மலையூரில் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் அவர் கொன்றதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். இலண்டன் ரிக்பி கம்பெனியின் பெயர் பொறித்த அந்த ரைபிளை ஆங்கிலேயரின் கைவேலை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகுதான் உண்மை தெரிந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டி வெடிக்கச் செய்யும் அதன் இதயப் பகுதி ஜெர்மானியருடையது. அது சுட்ட .275 தோட்டாவும் ஜெர்மனியின் 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். ஆங்கிலப் பெயர் மட்டும் புதிது. அந்த இதயத்தைப் படைத்த பால் மவுசரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் 1838 ஜூன் 27 அன்று பிறந்தார் அவர். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள், இவரே கடைக்குட்டி. பழைய மடாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த வூர்ட்டம்பர்க் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையில் தந்தை தொழிலாளி. பிள்ளையும் சிறு வயதிலேயே அங்கு வேலைக்குச் சென்றுவிட்டார். கல்லூரிப் படிப்பு என்பது அவர் வாழ்வில் இல்லை. அரமும் சுத்தியலுமே அவருக்குப் பாடநூல்கள்.

1859-இல் படைப்பணிக்கு அழைக்கப்பட்டு, லுட்விக்ஸ்பர்க் ஆயுதக் கிடங்கில் சில காலம் இருந்தார். அக்காலத்தில் பிரஷ்யப் படையிடம் இருந்தது டிரைசே என்பவரின் ஊசித் துப்பாக்கி. காகிதத் தோட்டாவை ஒரு நீண்ட ஊசி துளைத்து வெடிக்க வைக்கும். ஊசி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்போதே தாழை உள்ளே தள்ளினால், சுடுபவனின் கையிலேயே வெடிக்கும் அபாயம் உண்டு. கைப்பிடியைத் திருப்பும் செயலே ஊசியைப் பின்னுக்கு இழுக்கும்படி மாற்றியமைத்தார் மவுசர். இரவு பகலாக உழைத்தவர் பால். ஊர் ஊராய்ச் சென்று அதிகாரிகளின் வாசலில் காத்திருந்தவர் அண்ணன் வில்ஹெல்ம். தம்பியின் புகழில் அண்ணனுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பேன். ஓர் அமெரிக்க முகவருடன் கூட்டுச் சேர்ந்து லீஜ் நகருக்குச் சென்றார்கள். அந்தக் கூட்டு முறிந்தது. ஆயினும் 1871-இல் அவர்களது ரைபிளைப் பிரஷ்யா ஏற்றுக்கொண்டது. தந்தை கூலி வாங்கிய அதே தொழிற்சாலையை 1874-இல் மக்கள் இருவரும் விலைக்கு வாங்கினார்கள். எட்டு ஆண்டுகளில் வில்ஹெல்ம் மறைந்தார்.

பிறகு ஒரு பெரிய ஏமாற்றம். 1888-இல் ஜெர்மன் படைக்குப் புதிய ரைபிளை ஒரு குழு வடிவமைத்தது, மவுசர் ஒதுக்கப்பட்டார். அவர் துருக்கி, பெல்ஜியம், ஸ்பெயின் என்று அயல்நாடுகளுக்குச் செய்துகொடுத்தார். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு குறை நீங்கியது. பத்தாண்டுகள் கழித்து, 1898-இல், சொந்த நாடு அவரிடமே திரும்பி வந்தது.

அந்த 1898 அமைப்பை விளக்க நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளே போதும். தாழைத் தள்ளித் திருப்பினால் அதன் தலையிலுள்ள இரண்டு பற்கள் இரும்புக் கூட்டின் பள்ளங்களில் உட்கார்ந்துகொள்ளும். வெடியின் முழு விசையையும் தாங்குபவை அவையே. அவை உடைந்தாலும் தாழ் பின்னால் பறந்து வராதபடி மூன்றாவது பல் ஒன்றையும் வைத்தார். தோட்டா கிழிந்தால் அனல் வாயு சுடுபவனின் முகத்தில் அடிக்காமல் விலகிச் செல்லத் துளைகளும் வைத்தார்.

குழல் மாற்றும் வித்தை இங்கேதான் பிறக்கிறது. குழல் இந்தக் கூட்டின் முன்புறம் மரையில் முறுக்கப்பட்ட தனிப் பொருள். 7 மி.மீ. தோட்டாவுக்கும், ஜெர்மன் படையின் 8 மி.மீ. தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஏறக்குறைய ஒரே அளவு: 12 மி.மீ. கூட்டின் நீளமும் இரண்டுக்கும் ஒன்றே: 57 மி.மீ. ஆகவே தாழை மாற்ற வேண்டியதில்லை. குழலை மாற்றினால் துப்பாக்கியின் அளவே மாறிவிடும். 1905-இல் பெர்லின் துப்பாக்கிக் கைவினைஞர் ஒட்டோ போக், இதே அடிப்பாகம் கொண்ட 9.3 மி.மீ. தோட்டாவை ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளுக்கென்று அமைத்தார். விலையுயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்க இயலாதவர்களுக்கு அது பெரும் வரமாயிற்று.

ஆனால் இதைச் சைக்கிள் டயர் மாற்றுவதுபோல் எண்ணிவிடக் கூடாது. குழலைப் பிடிப்பானில் இறுக்கி, நீண்ட ஸ்பானரால் கூட்டைத் திருப்பிக் கழற்ற வேண்டும். புதுக் குழலை முறுக்கியபின் இரண்டு அளவுக் கட்டைகளால் சோதிக்க வேண்டும். ஒன்றின்மீது தாழ் மூட வேண்டும். மற்றொன்றின்மீது மூடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. இடைவெளி கூடினால் பித்தளைக் கூடு நீண்டு கிழியும். இன்னொரு பொறியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் படை தன் 8 மி.மீ. குண்டின் விட்டத்தைச் சுமார் 8.1-லிருந்து 8.2 மி.மீ. ஆக்கியது. தோட்டாக் கூட்டின் நீளமும் அடிப்பாகமும் மாறவில்லை. பழைய குழலில் புதிய தோட்டாவைப் போட்டவர் கதி என்னவாகும்? குழலின்மேல் பொறித்த எழுத்தைப் படித்துப் பார்ப்பது ஜெர்மன் வேட்டைக்காரருக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை போயர்கள் இந்த 7 மி.மீ. மவுசரால்தான் ஆங்கிலப் படைகளைச் சுட்டார்கள். அதே தோட்டாவைத்தான் ஆங்கில வேட்டைக்காரர்கள் .275 என்று கேட்டு வாங்கினார்கள்! அமெரிக்க அரசோ தன் 1903-ஆம் ஆண்டு ரைபிளுக்காக மவுசருக்கு 2,00,000 டாலர் உரிமைத்தொகை கட்டியது.

பிறர் முகம் காக்கத் துளை வைத்தவரின் முகம் தப்பவில்லை. தானாகவே மறுதோட்டா ஏற்றும் ரைபிள் ஒன்றை 1901-இல் அவர் சோதித்துக்கொண்டிருந்தார். தாழ் முழுதும் பூட்டுமுன் தோட்டா வெடித்தது; ஒரு கண் போயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. நாடாளுமன்ற உறுப்பினரும் கூட. ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ பட்டறைக்கே திரும்பினார். வாழ்நாள் முழுதும் அவரை அலைக்கழித்த கேள்வி ஒன்றுதான்: தாழ் பூட்டிக்கொண்டதா, இல்லையா?

1914 மே 29 அன்று அவர் காலமானார். இரண்டே மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. அவரது 1898 ரைபிளைத் தோளில் சுமந்து இலட்சக்கணக்கான இளைஞர் போர்முனைக்குப் போயினர். இரண்டாம் போருக்குப்பின் ஓபர்ன்டார்ஃப் தொழிற்சாலையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். படைகள் கழித்துவிட்ட ரைபிள்கள் மட்டும் உலகெங்கும் பட்டறைகளில் புதுக் குழல் பூண்டு வேட்டைத் துப்பாக்கிகளாயின.

2003-இல் மவுசர் பெயர் தாங்கிய நிறுவனம் எம். 03 என்னும் வேட்டை ரைபிளை வெளியிட்டது. முன்கட்டையின் அடியிலுள்ள திருகுகளை ஒரு சாவியால் தளர்த்தினால் குழல் கையோடு வந்துவிடும். மானுக்கு ஒன்று, காட்டுப்பன்றிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். அளவுக் கட்டை தேவையில்லை. ஏனெனில் அதில் தாழின் பற்கள் கூட்டில் பூட்டுவதில்லை. நேராகக் குழலிலேயே போய்ப் பூட்டிக்கொள்கின்றன.