அவையஞ்சிய மாணாக்கர்

எமது கல்லூரியின் விவாத சங்கத்திலே முதன்முறை எழுந்து நின்றபோது முழங்கால் நடுங்கியதை மறந்த பழைய மாணவர் எம்மிடையே மிகச் சிலரேயாவர். வள்ளுவர் அவையஞ்சாமைக்கென ஓரதிகாரத்தையே வகுத்தாரெனின், அவ்வச்சம் இன்று நேற்று உண்டானதன்று என்பது தெளிவு. ஆயினும் உலகையே தம் சொல்லுக்குச் செவிசாய்க்கச் செய்த காந்தியடிகள் நம்மெல்லாரினும் மிக அஞ்சியவர் என்பதைப் பலர் அறியார்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்படுங்கால், இராஜகோட்டை உயர்தரப் பாடசாலை மாணவர் அவருக்குப் பிரிவுபசாரம் செய்தனர். நன்றி கூறுதற்குச் சில வரிகளை எழுதியே கொண்டு சென்றார். அவற்றை வாசித்து முடிப்பதற்குள் தலை சுழன்றது. மேனி முழுவதும் நடுங்கியது.

இலண்டனிலும் அந்நிலை மாறவில்லை. ஆங்குள்ள சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகசபையிலே உறுப்பினராயிருந்தும், கூட்டங்களில் அவர் வாய் திறப்பதில்லை. அலின்சன் என்னும் வைத்தியரை, அவர் கொண்ட குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கைக்காகச் சங்கத்தினின்றும் நீக்க முயன்றனர். அக்கொள்கை காந்தியடிகளுக்கும் உடன்பாடன்று. எனினும் சைவ உணவுக்கென அமைந்த சங்கம் அதன்பொருட்டு ஒருவரை விலக்குதல் நீதியன்றென்று கருதினார். கருதியதை எழுதியும் கொண்டு போனார். வாசிக்கத் துணிவு வரவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு வாசிப்பித்தார். அலின்சன் தோற்றார். தம் கூச்சத்தினாலே தாம் மட்டுமன்றிப் பிறரும் இழப்புறலாமென்பதை அவர் அன்று உணர்ந்திருத்தல் வேண்டுமென்பது எமது துணிபு.

1891ஆம் ஆண்டு நாடு திரும்புமுன் நண்பருக்கு விருந்தளித்தார். நகைச்சுவையாகப் பேச எண்ணி, பாராளுமன்றத்திலே மும்முறை தொடங்கியும் பேச்சு வராது அமர்ந்த அடிசன் என்பவரின் கதையை ஆரம்பித்தார். முதல் வாக்கியத்தோடு தாமும் அடிசனாகி நன்றி கூறி அமர்ந்துவிட்டார்! பம்பாயிலோ, முப்பது ரூபா பெற்று ஏற்ற முதல் வழக்கிலே, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து, கேள்வி ஒன்றும் தோன்றாமல், வழக்கை மற்றொரு நியாயவாதியிடம் ஒப்புவித்து வெளியேறினார். நம்மூர் அப்புக்காத்துமார் இதனைக் கேட்டு நகைப்பர். அன்று அவருக்கு அது நகைப்புக்குரியதன்று.

1893ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் நா திறந்தது. அங்குள்ள இந்திய வணிகரைக் கூட்டி, வாணிபத்தில் வாய்மை பேணுதல் குறித்துப் பேசினார். பொதுச்சபையிலே அவர் பேசிய முதற் பேச்சென்று சொல்லத்தக்கது அதுவே. ஆங்கே நம்மவர் நாளும் அவமதிக்கப்பட்டனர். எடுத்துரைக்க வேறெவரும் முன்வரவில்லை. பயிற்சியினாலே கூச்சம் நீங்கிற்றென்பாருமுளர். பிறர் துயரைச் சொல்லியே தீரவேண்டியிருந்தமையே அதற்குக் காரணமென்பது எமது எண்ணம்.

முற்றும் நீங்கிற்றுமன்று. 1896ஆம் ஆண்டு பம்பாய்க் கூட்டத்திலே குரல் எழாமையால், அவரது உரையைப் பிறரே வாசிக்க நேர்ந்தது. ஆனால் அதேயாண்டு அக்டோபர் 26ஆந் தேதி சென்னைப் பச்சையப்பன் மண்டபத்திலே அவர் ஆற்றிய நெடிய உரையைச் சபையார் ஒரு சொல்லும் விடாது கேட்டனர். முதலாளியினால் அடியுண்டு பல்லுடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியின் வரலாறு அவர்கள் நெஞ்சை உருக்கிற்று.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று அவர் யாழ்ப்பாணம் வந்தார். அவரது சுயசரிதையின் முதற்பாகம் நூலுருவில் வெளிவந்ததும் அவ்வாண்டே. இலண்டன் மாணவரின் கூச்சமெல்லாம் அதில் மறைவின்றி எழுதப்பட்டுள்ளது. அக்கூச்சமே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்ததென்றும் அவர் அதிற் குறித்துள்ளார். யாழ்ப்பாணத்து மாணவர் கேட்டது முழக்கமன்று. கதராடை பற்றியும் எளியோர் பற்றியும் தாழ்ந்த குரலிலே வந்த சில சொற்கள். திங்கட்கிழமைகளிலோ அவையுமில்லை, அன்று அவருக்கு மௌன விரதம்.