சந்து வீட்டிலிருந்து வரலாற்றைக் கண்டவர் – லாவ் ஷே

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயர்களாகவும் போர்களின் ஆண்டுகளாகவும் நாம் மனப்பாடம் செய்கிறோம்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் ஓர் ஆட்சி கவிழ்ந்து இன்னோர் ஆட்சி எழுந்த அன்று, சந்தின் கோடியில் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்வதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் சீன நாட்டு எழுத்தாளர் லாவ் ஷே.

அவரை நான் அறிந்தது ஒரு திரைப்படத்தின் வழியாகத்தான். ‘என் இந்த வாழ்க்கை’ என்பது அதன் பெயர். ஷீ ஹுய் என்னும் நடிகர் தாமே இயக்கி, தாமே முதன்மைப் பாத்திரத்தில் நடித்து 1950இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பெய்ஜிங் நகரத்துச் சாதாரணக் காவலர் ஒருவருடைய குடும்பத்தின் கதை. மஞ்சு மன்னராட்சி போகிறது, குடியரசு வருகிறது, படைத்தலைவர்கள் வருகிறார்கள், ஜப்பானியர் வருகிறார்கள், கோமின்டாங் ஆட்சி திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கொடி மாறுகிறது, சீருடை மாறுகிறது. அந்த மனிதரின் வறுமை மட்டும் மாறவில்லை. முடிவில் அவர் பிச்சைக்காரராகிக் குளிர் நிறைந்த தெருவில் விழுந்து கிடக்கிறார். படத்தின் மூலம், லாவ் ஷே 1937இல் எழுதிய குறுநாவல். அதனை எழுதியவர் யாரென்று தேடிப் படித்தபோது, கதையினும் துயரமான ஒரு வாழ்க்கையை நான் கண்டேன். அதையே இங்குச் சுருக்கித் தருகிறேன்.

பிறப்பும் இளமையும்

1899ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பெய்ஜிங்கில் ஓர் ஏழை மஞ்சுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஷூ சிங்சுன். வசந்தத்தை வரவேற்றுக் கொண்டாடுதல் என்பது ‘சிங்சுன்’ என்பதன் பொருள். தந்தையார் மன்னரின் கொடிப்படையில் ஒரு காவல் வீரர். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைவதற்குள், 1900இல், எட்டு நாடுகளின் கூட்டுப்படை பெய்ஜிங்கிற்குள் நுழைந்தது. அதன் பிரிட்டிஷ் பிரிவில் நம் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தத் தெருச் சண்டையில் தந்தையார் மாண்டார். அயல்நாட்டுப் படையினர் வீடு வீடாகப் புகுந்து கொள்ளையிட்டபோது, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையின்மேல் ஒரு பெட்டி கவிழ்ந்து கிடந்ததால் அது அவர்கள் கண்ணில் படவில்லை. இதைப் பிற்காலத்தில் லாவ் ஷேயே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

கைம்பெண்ணான தாய் ஊரார் துணிகளை வெளுத்தும் தைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். எழுத்தறியாத அந்தத் தாயிடமிருந்தே தாம் வாழ்க்கைக் கல்வியைப் பெற்றதாக மகன் எப்போதும் நன்றியோடு குறித்தார். செல்வர் ஒருவர் இரக்கம் கொண்டு பள்ளியில் சேர்த்துவிட, படிப்பு தொடர்ந்தது. கட்டணமில்லாத ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1918இல் தேறியதும், பத்தொன்பது வயதிலேயே ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

இலண்டனும் சிங்கப்பூரும்

1924இல் இலண்டன் கீழைக் கலைகள் கல்லூரியில் சீன மொழி கற்பிக்கச் சென்றார். ஐந்தாண்டுகள் அங்கே இருந்தார். ஆங்கிலம் பயிலும் பொருட்டு டிக்கன்ஸ் முதலியோரின் நாவல்களைப் படித்தார். நகரத்து ஏழை மனிதர்களைச் சிரிப்பும் கண்ணீருமாகக் காட்டும் முறை அவர் மனத்தைக் கவர்ந்தது. தனிமையும் ஊர் நினைவும் சேர, முதல் நாவலை அங்கிருந்தே எழுதினார். 1926இல் அது சீன இதழொன்றில் தொடராக வந்தது. லாவ் ஷே என்ற பெயரும் அப்போதுதான் நிலைத்தது. ‘ஷூ’ என்னும் தம் குடும்பப் பெயரின் எழுத்தை இரண்டாகப் பிரித்தால், தன்னைத் துறத்தல் என்று பொருள் கொள்ளக்கூடிய இரு எழுத்துகள் கிடைக்கும். அவற்றைப் புனைபெயராகக் கொண்டவர், பின்னர் அவற்றில் ஒன்றை எடுத்து ‘லாவ் ஷே’ ஆனார்.

ஊர் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கே தொடங்கிய ‘சின்னப் போவின் பிறந்தநாள்’ என்னும் சிறுவர் கதையில் சீன, மலாய், இந்தியக் குழந்தைகள் ஒன்றாக விளையாடுகின்றனர். அடிமை நாடுகளின் குழந்தைகளை ஒரே முற்றத்தில் நிறுத்திய அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடித்தது.

ரிக்‌ஷாக்காரனின் கதை

1930இல் நாடு திரும்பியவர் ஷாண்டோங் மாநிலக் கல்லூரிகளில் பேராசிரியராக இருந்தார். 1931இல் ஹு ஜியேசிங் என்னும் அம்மையாரை மணந்தார். 1936இல் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அந்த ஆண்டே தொடராக வரத் தொடங்கியது, அவருக்கு உலகப் புகழ் தந்த ‘ரிக்‌ஷாக்காரன்’. மூன்றாண்டு உழைத்துச் சொந்தமாக ஒரு ரிக்‌ஷா வாங்கிய கிராமத்து இளைஞனிடமிருந்து படைவீரர்கள் அதைப் பறிக்கின்றனர். மீண்டும் சேர்த்த பணத்தை ஒரு துப்பறிவாளன் மிரட்டிப் பறிக்கிறான். பிறகு கிடைத்த வண்டியையும் மனைவியின் ஈமச் செலவுக்காக விற்க நேர்கிறது. உழைத்தால் உயரலாம் என்று நம்பியவன், நம்பிக்கை கெட்டுத் தெருவில் திரிபவனாக முடிகிறான். 1945இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த முடிவை இன்ப முடிவாக மாற்றிவிட்டார்கள். நூல் பெருமளவில் விற்றது. ஆனால் ஆசிரியருக்கு அதில் மகிழ்ச்சியில்லை.

வீடா? நாடா?

1937இல் ஜப்பானியப் படை பெய்ஜிங்கைப் பிடித்து மேலும் முன்னேறியது. அப்போது ஜினான் நகரில் இருந்த லாவ் ஷேக்கு மூன்று சிறு குழந்தைகள். கடைசிக் குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெய்ஜிங்கில் முதிய தாய். எதிரியின் கையில் சிக்கினால் புகழ்பெற்ற எழுத்தாளரான தம்மைத் தங்கள் கைப்பாவையாக்கிக் கொள்வர் என்று அவர் அஞ்சினார். நவம்பர் மாதத்தில் ஒரு நாள், கைப்பெட்டி ஒன்றோடு குடும்பத்தைப் பிரிந்து தெற்கே சென்றார். மறு ஆண்டு தொடங்கிய எழுத்தாளர்களின் எதிர்ப்பு இயக்கச் சங்கத்தைப் போர் முடியும்வரை முன்னின்று நடத்தினார். தாய் 1942இல் பெய்ஜிங்கில் இறந்தார். மகன் அருகில் இல்லை.

1943இல் மனைவி குழந்தைகளை அழைத்துக்கொண்டு நெடும்பயணம் செய்து சோங்சிங் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அடிமைப்பட்ட பெய்ஜிங்கில் தாம் கண்ட துன்பங்களை நாள்தோறும் கணவருக்குச் சொன்னார். அவற்றிலிருந்து பிறந்ததுதான் 1944இல் எழுதத் தொடங்கிய ‘ஒரே கூரையின்கீழ் நான்கு தலைமுறைகள்’ என்னும் பெருநாவல். லாவ் ஷே பிறந்த அதே சிறிய சந்துதான் அதன் களம். சீ குடும்பத்துப் பாட்டனார் 1900ஆம் ஆண்டுக் கலவரத்தைக் கண்டவர். மூன்று மாதத்திற்குத் தானியமும் உப்பிட்ட காய்கறியும் சேர்த்து வைத்து, வாசற்கதவுக்குப் பின்னால் கல் நிரப்பிய தாழியை முட்டுக்கொடுத்தால் எந்த ஆபத்தும் கடந்துபோகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கிறது. ஆண்டுகள் எட்டு ஓடுகின்றன. இளைய பேரன் எதிர்ப்புப் போருக்கு ஓடுகிறான். நடுப்பேரன் எதிரியிடம் வேலை தேடுகிறான். மூத்த பேரனோ நாட்டுக்காகப் போகவும் முடியாமல், குடும்பத்தை விடவும் முடியாமல் வீட்டிலேயே நின்று வேகிறான். வெற்றிக்கு முன்னரே அவனுடைய சின்னஞ்சிறு மகள் பசியால் இறக்கிறாள்.

இந்நாவலைப் பற்றி என் கருத்தொன்றைச் சொல்ல வேண்டும். வீட்டைவிட்டுச் சென்றவர் லாவ் ஷே. வீட்டில் தங்கியவனையே அவர் கதைத்தலைவனாக்கினார். அவனைக் கோழை என்று அவர் ஏசவில்லை. பிரிந்து போன மகன், தாயிடம் கேட்க முடியாமற்போன மன்னிப்பைத்தான் அந்தப் பாத்திரத்தின் வாயிலாகக் கேட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிய சீனாவில்

1946இல் அழைப்பின்பேரில் அமெரிக்கா சென்றவர், அங்கேயே அந்நாவலின் மூன்றாம் பகுதியை எழுதி முடித்தார். 1949 டிசம்பரில் பெய்ஜிங் திரும்பினார். சாக்கடை நாறிய ஏழைக் குடியிருப்பைப் புதிய அரசு சீர்திருத்தியது கண்டு மகிழ்ந்து ‘டிராகன் தாடி ஓடை’ என்னும் நாடகம் எழுதினார். 1951இல் நகர அரசு அவருக்கு மக்கள் கலைஞர் என்ற பட்டம் அளித்தது. வீட்டு முற்றத்தில் மனைவியுடன் இரண்டு பெர்சிமன் பழமரங்களை நட்டார். தம் மக்களின் துன்பம் முடிந்தது என்றே அவர் மனமார நம்பினார்.

1957இல் ‘தேநீர்க்கடை’ நாடகம் வெளிவந்தது. மறு ஆண்டு மேடையேறியது. 1898, அதற்குப்பின் ஏறத்தாழ இருபதாண்டு, பிறகு ஜப்பானியர் தோற்றபின் என மூன்று அங்கங்கள். களம் அதே கடைதான். யார் ஆண்டாலும் வணங்கி, காலத்திற்கேற்பக் கடையை மாற்றி மாற்றிப் பிழைத்த கடைக்காரர் இறுதியில் எல்லாம் இழந்து தூக்கிட்டுக் கொள்கிறார். 1982இல் இது திரைப்படமாகவும் வந்தது.

அந்த 1957ஆம் ஆண்டே வலதுசாரிகள் என்று பலரைக் குற்றம் சாட்டும் இயக்கமும் எழுந்தது. ‘என் இந்த வாழ்க்கை’ படத்தின் ஷீ ஹுய் அதில் வதைபட்டுக் கடலில் விழுந்து உயிர் துறந்தார், வயது நாற்பத்திரண்டு. லாவ் ஷேயும் கூட்டங்களில் சக எழுத்தாளர்களைக் கண்டித்துப் பேசினார். இதை மறைத்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. ஆயினும் அவர் கண்டித்தவர்களுள் ஒருவரான நாடகாசிரியர் வூ ஸூகுவாங் தொலைதூரப் பனி நிலத்திற்கு அனுப்பப்பட்டபோது, அவருடைய மனைவிக்கு ஆறுதல் கூறி, கணவருக்கு நாள்தோறும் கடிதம் எழுதும்படி ஊக்கினார். அக்குடும்பம் வறுமையால் விற்றுவிட்ட சீ பைஷியின் ஓவியம் ஒன்றைக் கடையில் கண்டு தம் பணத்தில் வாங்கி, வூ ஸூகுவாங் மீண்டு வந்தபின் அவர் கையிலேயே ஒப்படைத்தார். மேடையில் பேசிய லாவ் ஷேயும் கடையில் ஓவியம் வாங்கிய லாவ் ஷேயும் ஒருவரே. அச்சம் நிறைந்த காலத்தில் நல்ல மனிதர் ஒருவர் எப்படி இரண்டாகப் பிளவுபடுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முடிவு

1966ஆம் ஆண்டு பண்பாட்டுப் புரட்சி மூண்டது. ஆகஸ்டு 23ஆம் நாள் கன்பூசியசு கோயில் வளாகத்தில் நாடக உடைகளைக் குவித்து எரித்த செங்காவலர்கள், எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அந்த நெருப்பைச் சுற்றி மண்டியிட வைத்து அடித்தனர். அறுபத்தேழு வயது லாவ் ஷேயின் தலையிலிருந்து குருதி வழிந்தது. பின்னர் எழுத்தாளர் சங்க முற்றத்திலும் அடி தொடர்ந்தது. இரவில் மனைவி அவரை வீட்டுக்கு அழைத்து வந்து காயங்களைத் துடைத்தார். மறுநாள் காலை, மூன்று வயதுப் பேத்தியிடம் விடைபெற்றுக்கொண்டு வெளியே சென்றார். நகரின் வடமேற்கே தைப்பிங் ஏரிக்கரையில் பகல் முழுதும் அமர்ந்திருந்ததைக் கண்டவர் உண்டு. அடுத்த நாள் அவர் உடலை நீரிலிருந்து எடுத்தனர். அவருடைய தாய் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அந்த ஏரிக்கு அருகில்தான் இருந்தது என்று பின்னாளில் மகன் எழுதினார்.

உடலை எரித்த சாம்பலைக்கூடக் குடும்பத்திற்குத் தரவில்லை. 1978இல் அவர் பெயரின்மீதிருந்த பழி நீக்கப்பட்டு அரசு மரியாதை செய்தபோது, சாம்பற் கலசத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் பேனாவையும் சிறிது தேயிலையையும் வைத்தனர்.

‘நான்கு தலைமுறைகள்’ நாவலின் இறுதிப் பதின்மூன்று அதிகாரங்கள் சீன மொழியில் அச்சாகாமலே இருந்தன. கையெழுத்துப் படியும் அந்தக் கலவரத்தில் மறைந்தது. 1980களில் சுருக்கப்பட்ட ஆங்கில நூலிலிருந்து அவற்றைச் சீனத்தில் பெயர்த்துச் சேர்த்தனர். 2014இல் அமெரிக்காவின் ஹார்வர்டு நூலகத்தில், மொழிபெயர்ப்பாளர் ஐடா புருயிட்டின் தாள்களுக்கிடையே முழுமையான ஆங்கிலப் படி கிடைத்தது. இன்னொரு நாவலோ முடியவேயில்லை. 1960களின் தொடக்கத்தில் தாம் பிறந்த நாளையும் மஞ்சுக் குடும்பங்களின் வாழ்வையும் வைத்து எழுதத் தொடங்கிய ‘செங்கொடியின் கீழ்’, பதினோர் அதிகாரங்களோடு நிற்கிறது; அவர் மறைவுக்குப் பின் 1979இல் வெளிவந்தது.

காவலர், ரிக்‌ஷாக்காரன், கடைக்காரர், பாட்டனார் ஆகிய இவர்களில் எவரும் எந்த ஆட்சியையும் கவிழ்க்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்சிக் கவிழ்ப்பின் விலையையும் அவர்களே கொடுத்தார்கள். அதை எழுதியவரும் இறுதியில் அந்த விலையைக் கொடுத்தார். மாணவ நண்பர்களே, சீன வரலாற்றுப் பாடத்தில் 1900, 1911, 1937, 1949, 1966 என்ற ஆண்டுகளை இனி நாம் படிக்கும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் சந்துக்குள் இருக்கும் அந்தச் சிறிய வீட்டையும், கல் நிரப்பிய தாழியை வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு கிழவரையும் சேர்த்தே நினைவில் கொள்வோம்.