ஜி.ஐ. டெய்லர்: சுழலிடம் கணக்குக் கேட்டவர்

டெய்லர் என்றதும் நம்மில் பலருக்குக் கணக்கு வகுப்பில் வந்த டெய்லர் தொடர்தான் ஞாபகம் வரும். அவர் வேறு, 1731-லேயே போய்விட்டார். நான் சொல்ல வந்தது ஜெஃப்ரி இங்ராம் டெய்லரைப் பற்றி. 1886-இல் லண்டனில் பிறந்தவர். பூலியன் அல்ஜீப்ரா தந்த ஜார்ஜ் பூலின் மகள் வயிற்றுப் பேரன்.

1912-இல் டைட்டானிக் மூழ்கிய மறுவருடம், பனிப்பாறைகளைக் கண்காணிக்க வட அட்லாண்டிக்குக்குப் போன 'ஸ்கோஷியா' கப்பலில் வானிலை ஆளாக ஏறினார். அங்கே பட்டம் விட்டார்! ஆமாம், கருவி கட்டிய பட்டம்தான். காற்றுச் சுழல்கள் வெப்பத்தை மேலும் கீழும் எப்படிக் கடத்துகின்றன என்று அதிலிருந்து கணக்கிட்டு 1915-இல் வெளியிட்டார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பறக்கும்போதே இறக்கையின் மேல் அழுத்தத்தை அளந்தார். போர் முடிந்ததும், ஐரிஷ் கடலின் அலையேற்றம் அடித்தரையில் உரசி எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று இரண்டு வழிகளில் கணக்குப் போட்டார். விடைகள் ஏறத்தாழ ஒத்துப்போயின.

பாலத்தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சுழி உடைந்து சின்னதாகி, அதுவும் உடைந்து, கடைசியில் பாகுத்தன்மையால் வெப்பமாகத் தீர்ந்துபோகிறது. எவ்வளவு தீர்கிறது? தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அவ்வளவு சின்ன சூடு. வேகம் இடத்துக்கு இடம் மாறும் சரிவுகள் ஒன்பதும் தெரிந்தாக வேண்டும். சுழல் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி இருந்தால் ஒரே சரிவு போதும் என்று 1935-இல் டெய்லர் காட்டினார். ஓட்டத்தின் திசையிலுள்ள சரிவின் வர்க்கச் சராசரியைப் பாகுநிலை எண்ணாலும் 15-ஆலும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சரிவையும் ஒரே சூட்டுக்கம்பியால் பிடிக்க 1938-இல் வழி சொன்னார். சுழல் உருமாறாமல் கம்பியைத் தாண்டிப் போகிறது என்று கொண்டால், நேர வித்தியாசமே இட வித்தியாசம் ஆகிவிடும்.

இதில் இரண்டு 'என்று கொண்டால்' ஒளிந்திருக்கிறது, தம்பி தங்கைகளே. தூணிலிருந்து வெகுதூரம் தள்ளி இரண்டாவது ஓரளவு சரி. முதலாவது அங்கேயும் உத்தேசம்தான். தூணை ஒட்டி ஓட்டம் பின்னோக்கித் திரும்பும். கம்பிக்கு முன், பின் தெரியாது. எங்கள் புராஜெக்டில் நாங்கள் கம்பியைச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 15 போட்டு, வைவாவில் வசமாக மாட்டிக்கொண்டோம்! டெய்லரோ தன் சூத்திரத்தை, வலைக்கம்பிக்குப் பின்னால் வரும் சீரான சுழலில்தான் உரசிப் பார்த்தார்.

மனுஷருக்குப் பாய்மரப் படகு என்றால் உயிர். இருந்த நங்கூரங்கள் பிடிக்காமல், 1933-இல் கலப்பைக் கொழு மாதிரி மணலைக் குத்திப் பிடிக்கும் நங்கூரம் ஒன்றைத் தானே வடிவமைத்தார். 1944-இல் சர் பட்டம். 1972-இல் பக்கவாதம் தாக்கும்வரை ஆராய்ச்சியை விடவில்லை. 1975-இல் கேம்பிரிட்ஜில் காலமானார். அந்த நங்கூரம் சின்னப் படகுகளில் இன்னமும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.